கிழங்கின் கழுத்து

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம். இரண்டுக்கும் நடுவே பாதி உலகம் கிடந்தாலும் டேலியாவுக்கு வேண்டியதெல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு: சுடாத வெயில், இரவுக் குளிர், ஆண்டில் பல மாதம் மழை, அதன் பின்னே வறண்ட மாதங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பங்களாத் தோட்டங்களில் மட்டும் என்றில்லாமல், லைன் வீட்டு வாசல்களிலும் பால் கேனைக் கவிழ்த்து வைக்கும் திண்ணை ஓரங்களிலும் இந்தச் செடி கேட்பாரில்லாமலே தழைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் தன் உயரத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

சுற்றி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1789-இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து விசென்தே செர்வாந்தஸ் மாட்ரிட் அரச தோட்டத்துக்கு விதை அனுப்பினார். அங்கிருந்த கவனில்யஸ் என்ற பாதிரியார் 1791-இல் அந்தச் செடிக்குச் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் பெயரைச் சூட்டினார். டால் 1789-லேயே காலமாகிவிட்டதால், தம் பெயரைத் தாங்கிய பூவை அவர் பார்க்கவே இல்லை. சிலருடைய கண் முதலில் கிழங்கின் மீதுதான் இருந்தது. உருளைக்கிழங்கைப் போல இதுவும் சாப்பாட்டுக்கு ஆகுமா என்று ஐரோப்பாவில் சமைத்துப் பார்த்தார்கள். ருசி பிடிக்கவில்லை, பூ பிடித்துப்போனது. அவர்களுடைய தோட்டங்கள் வழியே அது எங்கெங்கோ போயிற்று, நம் மலைகளுக்கும் ஏறிவந்தது.

கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். ஐரோப்பியக் குளிர்காலத்தில் மண்ணே உறையும். உள்ளே இருக்கும் கிழங்கு கூழாகிவிடும். அதனால் இலை கருகியதும் தோண்டி, பனி எட்டாத இடத்தில் வைத்திருந்து, வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். செடி கிழங்கு வைக்கக் கற்றுக்கொண்டதோ வேறொரு காரணத்துக்காக. மெக்சிகோவின் மலைச்சரிவுகளில் மழை நின்ற பிறகு வரும் நீண்ட வறட்சியை அது தாண்டியாக வேண்டும். தண்ணீரும் இனுலின் என்ற சத்தும் நிறைந்த அந்த வேர், மழை வரும்வரை செடியை உறக்கத்தில் உயிரோடு வைத்திருக்கும்; மழை வந்ததும் முதல் சில இலைகளை வெளியே தள்ளிவிடும். அதற்குமேல் அதனிடம் செடி எதையும் கேட்பதில்லை. இலை விரிந்து புதுவேர் இறங்கியபின் செடி தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது.

டேலியா இனத்தில் ஏறக்குறைய நாற்பது காட்டு வகைகள் உண்டு. மர டேலியா எனப்படும் இம்பீரியாலிஸ் ஆறு மீட்டர் வரைகூட எழும். அதே குடும்பத்தில் ஒரு முழத்தைத் தாண்டாத குட்டை ரகங்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். 1920-களில் பிரிட்டனில் பெயர் பெற்ற ‘கோல்ட்னஸ் ஜெம்’ என்ற சிவப்பு ஒற்றையடுக்குப் பூ இந்த வரிசையில் மூத்தது. இப்போது நெதர்லாந்திலிருந்து வரும் ‘கேலரி’ ரகங்களுக்கு ரெம்பிராண்ட், வின்சென்ட், செசான் என்று ஓவியர் பெயர்கள். இவற்றுக்குக் கம்பு நட்டுக் கட்ட வேண்டியதில்லை. நடைபாதை ஓரத்துப் பாத்தியின் முன்வரிசையில் ஓரடி, ஒன்றரையடி இடைவெளி விட்டு நட்டால் இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மண்ணை மூடிவிடும். பத்துப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு செடி போதும். வாசற்படி, மாடிச் சுவரோரம், ஜன்னலடி எங்கும் வைக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

குட்டைச் செடி என்றதும் எதையோ இழந்த செடி என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. ஒரு நெட்டை டேலியாவையும் ஒரு குட்டை டேலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலைகளை விலக்கித் தண்டை மட்டும் பாருங்கள். இரண்டிலும் கணு உண்டு. ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை; ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் கிளையாகவோ பூவாகவோ எழக் காத்திருக்கும் ஒரு மொட்டு. நெட்டையில் ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண் வெறுந்தண்டு இருக்கும். குட்டையில் அந்த இடம் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருக்கும். சுருங்கியது இடைத்தூரம். இலை, கிளை, பூ என்று செடி உலகத்துக்குத் தருவது எதுவும் அந்த இடைத்தூரத்தில் இல்லை. எல்லாம் கணுவில்தான் பிறக்கின்றன.

தொட்டியில் குட்டையாகத் தெரிவதெல்லாம் குட்டை ரகமும் இல்லை. பாக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்துகளை இளம்செடிக்கு ஊற்றினால், தண்டை நீட்டும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் உள்ளே உருவாவது தடைபட்டு, நெட்டைச் செடியும் தொட்டி அளவில் நின்றுவிடும். பூ நிறைந்து அழகாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு கிழங்கை நட்டவருக்கு இடுப்புயரச் செடி எழுந்து நிற்கும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் உயரத்துக்குப் போய்விட்டது. இதில் செடியின் பிழை ஒன்றுமில்லை. விற்பவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அடக்கி வைத்த குட்டையையும் இயல்பான குட்டையையும் ஒரு பருவத்துக்குள் பிரித்தறிய முடியாது, இரண்டாம் பருவம் காட்டிக் கொடுத்துவிடும். இளம்பிள்ளைகள் விஷயத்திலும் நான் இதைக் கண்டிருக்கிறேன். ஒரு பிள்ளையின் அமைதி அவளுடைய இயல்பா, வீட்டார் ஊற்றியதா என்பது அவள் வேறு ஊரில் வேரூன்றும்போதுதான் தெரிகிறது.

ஒரே செடியில் இவ்வளவு உயரங்களும் நிறங்களும் வடிவங்களும் எங்கிருந்து வந்தன? மனிதனுக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கின்றன. தோட்ட டேலியாவுக்கு எட்டுத் தொகுதி, மொத்தம் 64. லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் அப்போது இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் டபிள்யூ. ஜே. சி. லாரன்ஸ் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை ஆராய்ந்தார். எட்டுப் பங்காகக் கலைந்து சேரும்போது விளைவுகளுக்குக் கணக்கே இல்லை. பதிவேட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களின் பெயர்கள் ஏறியிருக்கின்றன. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நெருங்கிய சிவப்புவரை எல்லாம் உண்டு. அசல் நீலம் மட்டும் வரவில்லை. டேலியாவின் மரபணுக்களை ஆராய்ந்த அதே லாரன்ஸ்தான், தம்முடன் பணியாற்றிய ஜான் நியூவெல்லோடு சேர்ந்து, தொட்டி மண் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் வகுத்தார். ஏழு பங்கு நல்ல வண்டல் மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல் என்ற அவர்களுடைய கலவை ஜான் இன்னஸ் என்ற பெயரிலேயே இன்றும் புழங்குகிறது. அதற்குமுன் ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவையை ரகசியமாகக் கட்டிக் காத்துக்கொண்டிருந்த காலம். நம் மலையில் பீட்டுக்குப் பதில் தேங்காய் நார்க் கழிவும் மக்கிய தொழுவுரமும் போடுகிறோம். சேர்மானம் மாறினாலும் குறி ஒன்றுதான்: ஊற்றிய தண்ணீர் நிற்கக் கூடாது, ஈரம் போய்விடவும் கூடாது.

தொட்டிச் செடிக்கு வேறு போக்கிடம் இல்லை. பாத்தியில் இருக்கும் வேர் ஈரத்தைத் தேடி ஒரு முழம் தள்ளிப் போகும். தொட்டியில் இருப்பதற்கு நாம் தருவதுதான் உலகம். முளை வெளியே தலைகாட்டும்வரை தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். வேரில்லாத கிழங்கு ஈரத்தைக் குடிக்காது, அதில் கிடந்து அழுகும். செடி எழுந்து இலை அடர்ந்த பிறகு நிலைமை தலைகீழ். வெயில் நாளில் காலை ஊற்றியது மாலைக்குள் தீர்ந்துபோகும்.

உரம் போடுவதில் ஆசை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தழைச்சத்து மிஞ்சினால் செடி கருகருவென்று செழிக்கும், பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், பூ குறையும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்தச் செழிப்பில் விளைந்த கிழங்கு பெரிதாக, தளர்வாக இருக்கும். எடுத்து வைத்தால் அழுகிப்போகும். மொட்டு வைக்கும் நேரத்தில் சாம்பல்சத்தைக் கூட்டித் தழைச்சத்தைக் குறைத்தால் கிழங்கு சிறுத்தாலும் கெட்டியாக இருக்கும், காத்திருக்கும் காலத்தைத் தாங்கும்.

செடியில் மூன்று, நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். புதிதாக வளர்ப்பவர்களுக்குக் கை வராது. அவ்வளவு அழகாக எழுகிற குருத்தை எப்படி என்று தயங்குவார்கள். நுனி இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே உள்ள கக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஆறு, எட்டு கிளைகள் எழும். கண்காட்சிப் போட்டிக்கென்று வளர்ப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். பக்க மொட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே பூவுக்குச் சத்தைத் திருப்புவார்கள். பூ சாப்பாட்டுத் தட்டகலத்துக்கு விரியும். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும், மூன்று மாதம் ஓயாமல் உள்ளங்கைப் பூக்களை மாற்றி மாற்றித் தரும் குட்டைச் செடியின் பக்கமே என் மனம் நிற்கிறது.

ஓயாமல் பூக்க வேண்டுமானால் வாடியதை உடனுக்குடன் எடுக்க வேண்டும். இதில் கவனம் தவறினால் மொட்டும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் விரியாத மொட்டும் இதழ் உதிர்ந்த தலையும் தூரத்தில் ஒன்றாகவே தெரியும். கிட்டப்போய்ப் பாருங்கள். மொட்டு உருண்டையாக, மேல்பக்கம் லேசாகத் தட்டையாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். முடிந்த பூ கூம்பாக நீண்டு கூரிட்டிருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் பழைய இதழ்களின் ஈரம் கசியும். அதை விட்டுவைத்தால் விதை பிடிக்கும். விதை பிடித்ததும் செடியின் கவனம் புதுமொட்டிலிருந்து விலகிவிடும்.

விதையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டேலியா விதை தாயைப் போலப் பிள்ளையைத் தராது. எட்டுத் தொகுதி கலைந்து சேர்வதால், ஒரே பூவில் எடுத்த பத்து விதையும் பத்து விதமாகப் போகும். புது ரகம் வேண்டும் என்பவருக்கு விதை வரம். இருக்கிற செடி அப்படியே வேண்டும் என்றால் கிழங்கைப் பிரிக்க வேண்டும், அல்லது கிழங்கில் எழும் இளந்தண்டை வெட்டி வேர்விட வைக்க வேண்டும். இரண்டு வழியும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

லண்டனும் நம் மலையும் வெகுவாக வேறுபடுவது பகல் நீளத்தில். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலத்தில் எட்டு மணிக்குக் குறையும். ஊட்டியில் ஆண்டு முழுவதுமே பன்னிரண்டு மணிக்கு முக்கால் மணி முன்பின்னாக நிற்கும். டேலியா பகல் குறைவதைக் கவனிக்கும் செடி. பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கினால் மேலே வளர்வதைக் குறைத்துக்கொண்டு கீழே கிழங்கு வைக்கத் தொடங்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் செடி நின்றுபோனது போலத் தெரிந்தாலும் மண்ணுக்குள் வேலை மும்முரமாக நடக்கிறது. மார்கழியில் தலைகுந்தா போன்ற பள்ளத்துப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படியும்போது, ஒரே இரவில் டேலியாவின் இலை கருத்துத் தொங்கிவிடும். நம் மலையில் மண் உறைவதில்லை, கிழங்குக்கு ஆபத்தில்லை. இருந்தாலும் தொட்டியை மாற்றவும் கொத்தைப் பிரிக்கவும் தோண்டித்தான் ஆக வேண்டும். பிரிக்காமல் வருடக்கணக்கில் விட்ட கொத்து நெருக்கியடித்து, பூவைக் குறைத்துவிடும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய நாற்றங்காலில் மாசி மாதம் கிழங்கு பிரிப்பார்கள். அந்த வேலையைச் செய்கிறவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. சாக்கை விரித்து, ஒருபக்கம் சாம்பல் கிண்ணம், ஒருபக்கம் கத்தி என்று உட்கார்ந்தாரானால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகும். கொத்துக் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தண்டின் அடியை நெடுக்காகப் பிளந்து, வெட்டுவாயில் சாம்பல் தொட்டுத் தட்டில் அடுக்குவார். சிலவற்றை வெட்டாமலே குப்பைக் கூடையில் போட்டுவிடுவார். ஒருமுறை கூடையில் விழுந்தது கையகலத்துக்குக் கொழுத்த கிழங்கு. எடுத்துப் பார்த்தேன். அழுகல் இல்லை, சுருக்கம் இல்லை.

“அக்கா, இது நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கும் தம்பி. கழுத்து ஒடிஞ்சிருச்சு. மண்ணுல வச்சா வேர்கூட விடும். மொளைக்கத்தான் மொளைக்காது.”

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் வீங்கிய தண்டு. அதன் உடம்பெங்கும் முளைக்கண் உண்டு, எந்தத் துண்டில் கண் இருந்தாலும் செடியாகும். டேலியாக் கிழங்கு வீங்கிய வேர். அதன் உடம்பில் ஒரு கண்கூடக் கிடையாது. கிழங்கு மெலிந்து கழுத்தாகி, பழைய தண்டின் அடியில் சேரும் அந்த ஒரு இடத்தில்தான் கண் இருக்கிறது. கடுகளவு மேடு, சிலதில் இளஞ்சிவப்பு, சிலதில் வெளிர்பச்சை. தோண்டிய புதிதில் கண்ணுக்கே தட்டுப்படாது. சில வாரம் போய், லேசான ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தபின் புடைக்கும். அந்த அக்கா மாசிவரை காத்திருப்பது அதற்காக. கழுத்து ஒடிந்தாலும் கண்ணில்லாமல் வெட்டுப்பட்டாலும், கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தும் வழி கிடையாது. சேர்த்து வைத்த அத்தனை சத்தும் உள்ளே பத்திரமாக இருக்கும். அதை எடுத்து இலையாக்க ஆள் இருக்காது.

“எதுல அக்கா ஒடியுது? பனியிலயா?”

“பனி என்ன பண்ணும்? எடுக்கும்போதுதான் ஒடியுது. காப்பாத்தணும்னு அவசரத்துல தண்டைப் புடிச்சு இழுப்பாங்கள்ல, அப்பத்தான். கெழங்கு கனமா இருந்தா அதோட பாரமே போதும். தோல் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், உள்ள போயிருக்கும்.”

பிரிட்டனில் டேலியா வளர்ப்பவர்களிடம் ஒரு நுட்பம் உண்டு. நல்ல ரகத்தை அடுத்த ஆண்டுக்குக் காக்க விரும்பினால், ஒரு செடியைப் பருவம் முழுவதும் நான்கு அங்குலத் தொட்டியிலேயே விட்டுவைப்பார்கள். அது அதிகம் வளராது. பருவ முடிவில் தொட்டியைக் கவிழ்த்தால் கைக்குள் அடங்கும் ஒரு சிறு கொத்து கிடைக்கும். குட்டையான, நெருக்கமான கிழங்குகள். கழுத்தும் குட்டை, உறுதி. பாத்தியில் விளைந்த பெருங்கொத்து தன் பாரத்தால் ஒடியும் இடத்தில், இது எத்தனை கை மாறினாலும் ஒடிவதில்லை. வசந்தத்தில் இந்தச் சிறு கொத்துதான் கண்ணுக்குக் கண் முளைவிட்டு நிற்கும். முளை எழுந்து முதல் இலை விரிய எவ்வளவு சத்து வேண்டுமோ அவ்வளவு அதில் இருக்கிறது. அதற்குமேல் இருந்த பருமன் எதற்காக?

கார்டிஃப் நகரத்தில் ஃப்ரெட் ட்ரெசெடர் 1924-இல் உருவாக்கிய ‘பிஷப் ஆஃப் லாண்டாஃப்’ என்ற டேலியா இன்றும் தோட்டங்களில் பூக்கிறது. கறுத்த இலை, தீச்சிவப்புப் பூ. அதன் பேரப்பிள்ளைகளைச் சொல்லவில்லை, அந்தச் செடியையே சொல்கிறேன். விதை வழியாக அது வந்திருக்க முடியாது என்று மேலே பார்த்தோம். அன்றைய கிழங்குகள் மண்ணாகிப் பல காலம் ஆயிற்று. அதன்பின் வந்த எந்தக் கிழங்கும் சில ஆண்டுக்கு மேல் இருந்ததில்லை. ஒரு நூற்றாண்டு, ஒரு உலகப்போர், எத்தனையோ தோட்டக்காரர்களின் கைகள் எல்லாவற்றையும் தாண்டி அந்தச் செடியை அறுபடாமல் கொண்டுவந்து சேர்த்தவை, கழுத்தில் இருந்த கடுகளவு கண்கள்.

இதை நினைக்கும்போது நம் வீடுகள்தான் எனக்குக் கண்முன் வருகின்றன. பிள்ளைக்கென்று சேர்க்கிறோம். வீடு, நகை, நிலம், வங்கியில் வைப்புத்தொகை. சேர்ப்பதற்காகவே சாயங்காலங்களில் வீட்டில் இல்லாமல் போகிறோம். பிள்ளை வளர்ந்து, எல்லாம் முழுதாக அவன் கைக்கு வந்து சேரும் நாளில், அப்பாவிடம் பேச அவனுக்கு ஒரு விஷயமும் இல்லை. தீபாவளிக்கு வருகிறான், காலில் விழுகிறான், போகிறான். தோல் ஒட்டியிருக்கிறது. உள்ளே எப்போது ஒடிந்தது என்று கேட்டால், அவனைக் கைதூக்கிவிட்ட வருடங்களில்தான் என்று இருவருக்குமே தெரியும். இழுத்த கை பகைவன் கை இல்லை, காப்பாற்ற வந்த கை. நாம் எதைக் காக்க நினைத்தாலும் அதன் பருமனைத்தான் முதலில் அணைத்துப் பிடிக்கிறோம். ஒரு தலைமுறை இன்னொன்றாக முளைக்கும் இடமோ மெலிந்தது, கடுகளவு, சேர்த்த பொருளின் கணக்கில் ஏறாதது. கனம் கூடக் கூட அந்த இடத்துக்கு ஆபத்தும் கூடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பெற்றோரோடு ஒட்டி வளர்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை, அது உண்மையும் இல்லை. வறுமையிலும் கழுத்து ஒடியும். எவ்வளவு சேர்ந்தது என்பதும் எது முளைக்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதையும், நாம் வாழ்நாள் முழுக்க முதல் கேள்விக்கே பதில் தேடுகிறோம் என்பதையும்தான் சொல்கிறேன்.

அந்த அக்காவின் அம்மா நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கைக்குள் ஒரு குடும்பமாக, 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்கள். வேரோடு தூக்கப்பட்டவர்கள் என்று எழுதுவது எழுதுகிறவனுக்கு எளிது. என்னென்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டபோது அக்கா சொன்ன பட்டியல் சிறியது: இரண்டு தகரப் பெட்டி, ஒரு அம்மி, சாமி படம். டேலியாக் கிழங்கு அதில் இல்லை. அங்கே துரை பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்த அம்மா, இங்கே வந்தபிறகு யாரோ வீசிய கொத்தை எடுத்துப் பிரித்து வாசலில் நட்டிருக்கிறார்.

“எங்கம்மா என் கையைப் புடிச்சுக் கெழங்கு மேல வச்சுக் காமிப்பாங்க. கண்ணு பார்க்கறதுக்குத் தெரியாது, வெரலுக்குத் தெரியும்னு சொல்வாங்க.”

அவர் விரல் கழுத்தைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு மண்தான் தட்டுப்பட்டது. அவருடைய மகள் கோயம்புத்தூரில் கணக்கர் வேலையில் இருக்கிறாள்; விடுமுறைக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டு கொத்தைப் பிளப்பாளாம். அந்தப் பெண் நாற்றங்காலுக்குத் திரும்பி வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்காவும் எதிர்பார்க்கவில்லை. விரல் கற்றுக்கொண்டால் போதும் என்கிறார்.

வீட்டில் குட்டை டேலியா வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டு இலை கருகியதும் உடனே தோண்டாதீர்கள். தண்டை நான்கு விரல் விட்டு வெட்டிவிட்டு, பத்து நாள் அப்படியே விடுங்கள், தோல் முதிரும். தொட்டியானால் கவிழ்த்து, பாத்தியானால் ஓரடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள். தண்டைப் பிடிக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணை உதறவும் வேண்டாம், தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். நிழலில் இரண்டு மூன்று நாள் காய்ந்தால் அது கையோடு வரும். பிரிக்கும் வேலையை மாசிக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.